வலிப்பு மாத்திரை எதுவரை? தலைக்காயத்துக்குப் பின் மருந்தின் பக்கவிளைவுகளும் தூத்துக்குடிக் கடற்கரையின் உழைப்பும்

தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரத்துக்கான சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க அது வழிசெய்தது. டிரெய்லர் லாரிகள் இரவு பகலாக ஓடும் துறைமுகச் சாலைகளைக் கொண்ட தூத்துக்குடிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர் வீடு திரும்பும்போது கையோடு கொண்டுபோவது பெரும்பாலும் வலிப்பு மாத்திரையைத்தான். அதன் பக்கவிளைவுகளைத் தாங்கும் பொறுப்பு நோயாளியின் பொறுமைக்கே விடப்பட்டிருக்கிறது. மாத்திரை எதற்கு, எதுவரை, எந்தத் தொழில் செய்பவருக்கு என்பதை மருந்துச்சீட்டே சொல்ல வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் 'எதுவரை' என்பதைப் பார்ப்போம். கடுமையான தலைக்காயம் பட்டவர்களுக்கு வலிப்பு வருமுன்பே ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பார்த்த டெம்கின் குழுவினரின் அமெரிக்க ஆய்வு 1990இல் வெளிவந்தது. முதல் வாரத்தில் மருந்து பெற்றவர்களில் 3.6 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 14.2 விழுக்காட்டினருக்கும் வலிப்பு வந்தது. பயன் தெளிவானது. எட்டாம் நாளிலிருந்து ஓராண்டு முடியும்வரை பார்த்தால் அந்தப் பயன் காணாமல் போகிறது: மருந்து பெற்றவர்களில் 21.5 விழுக்காடு, பெறாதவர்களில் 15.7 விழுக்காடு. தடுப்புக்காகத் தரும் மருந்தை ஏழு நாளோடு நிறுத்தலாம் என்று பிற்கால வழிகாட்டுதல்கள் சொல்வதற்கு இதுவே முக்கிய அடிப்படை. ஆனெகர்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட கணக்கின்படி, கடுமையான தலைக்காயத்துக்குப் பின் ஐந்தாண்டுக்குள் வலிப்பு வரும் வாய்ப்பு 10 விழுக்காடு. லேசான காயத்தில் 0.7 விழுக்காடுதான். ஆகவே ஒருமுறைகூட வலிப்பு வராதவர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்குவதற்குச் சான்று இல்லை. டிஸ்சார்ஜ் அட்டையில் முடிவுத் தேதி எழுதப்படாததால் மாத்திரை தொடர்கிறது. மருத்துவருக்கு நிறுத்த அச்சம், குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அச்சம்.

வலிப்பு உண்மையிலேயே வந்தவரின் நிலை வேறு. அவருக்கு மருந்து வேண்டும். பக்கவிளைவோடு வாழ வேண்டியவரும் அவர்தான். ஃபெனிட்டாயின் மலிவானது, நெடுநாள் பழகியது. ஆனால் அதைச் சிதைக்கும் கல்லீரலின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நெருங்கியபின் மாத்திரை அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து மளமளவென ஏறிவிடும். சத்துக்குறைவால் இரத்தத்தில் புரதம் குறைந்தவருக்கு, பரிசோதனையில் மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் உடலில் செயல்படும் பங்கு கூடியிருக்கும். அப்போது கண் அலைபாயும், நாக்கு குழறும், கால் தள்ளாடும். நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் இதை ஒருவாறு சமாளிக்கலாம். ஆடும் வள்ளத்தின் விளிம்பில் நின்று வலை இழுப்பவருக்கு அது உயிர் போகும் குறை. கரையில் நிற்பவர்களோ, 'காலையிலேயே குடிச்சிட்டு வந்துட்டான்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மருந்து தந்த தள்ளாட்டம் ஒரு மனிதரின் நடத்தைமீது பழியாக விழுவதைவிடக் கொடிய பக்கவிளைவு எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் தள்ளாட்டத்தைப் பொதுவாகக் குறைவாகவே தரும். ஆனால் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். மூளைக்காயமே குணத்தை மாற்றக்கூடியது என்பதால், எது காயத்தின் வேலை, எது மாத்திரையின் வேலை என்று வீட்டாரால் பிரித்தறிய முடிவதில்லை. மாத்திரை தொடங்கிய நாளையும் கோபம் தொடங்கிய நாளையும் மனைவியோ தாயோ குறித்துவைத்தால், மருத்துவருக்கு அதைவிட உதவும் குறிப்பு வேறில்லை.

உப்பளத்தில் சிக்கல் இன்னொரு வகை. கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து உடலில் நீரைத் தேக்கி இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். வெயிலுக்காக வெறும் தண்ணீரை நிறையக் குடித்தால் அது மேலும் குறையும். டோபிராமேட் என்ற மற்றொரு மருந்து வியர்வையைக் குறைத்து உடல் சூட்டை ஏற்றலாம். உப்பளத் தொழிலாளருள் பெண்கள் பெருமளவில் இருப்பதையும் மறக்கக்கூடாது: வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும், ஃபெனிட்டாயினும் கார்பமாசெபினும் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். தொழிலையும் கருத்தரிக்கும் வாய்ப்பையும் கேட்காமல் எழுதப்படும் சீட்டு பாதிச் சீட்டுதான்.

1961இல் இங்கு முத்துக்குளிப்பு ஓய்ந்தபின்னும் சங்குகுளி தொடர்கிறது. வலிப்பு வந்தவர் மாத்திரையால் கட்டுப்பட்டிருந்தாலும் முக்குளிக்கக் கூடாது. தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் அது மூழ்கிச் சாவதுதான். வாகன ஓட்டுநர் உரிமத்துக்கான உடற்தகுதிப் படிவமும் வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் உண்டா என்று கேட்கிறது. இவ்விரண்டும் தேவையான தடைகளே. ஆனால் மாற்று வேலை இல்லாதவர் தடைக்குப் பயந்து வலிப்பை மறைக்கிறார், அடையாளம் தெரியக்கூடாதென்று மாத்திரையையும் விட்டுவிடுகிறார். திடீரென விடுவதே அடுத்த வலிப்பை அழைத்துவரும்.

ஆகவே செய்ய வேண்டியவை புதிய மருத்துவமனை கட்டுவது போன்றவை அல்ல. தலைக்காயத்துக்குப் பின் தரும் ஒவ்வொரு வலிப்பு மாத்திரைக்கும் எதிரே 'தடுப்புக்கு' அல்லது 'வந்த வலிப்புக்கு' என்றும், மறுபரிசீலனைத் தேதியும், நோயாளியின் தொழிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். விடியுமுன் கடலுக்குப் போகிறவருக்கு, இரவில் ஒரே வேளையாகத் தரக்கூடிய மருந்து பொருந்துமா என்று பார்க்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' முதன்மையாக இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதே பணியாளர் தலைக்காய நோயாளியிடமும் தள்ளாட்டம், ஈறு வீக்கம், கோபம், தூக்கம் ஆகிய நான்கு பக்கவிளைவுகளையும் கேட்டுக் குறித்துவர ஏற்பாடு செய்யலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். மீனவருக்கு மருந்தளவைக் குறைத்துப் பார்க்கவோ, மருந்தை மாற்றவோ வேண்டியிருந்து, அது காத்திருக்கக்கூடிய மாற்றமாகவும் இருந்தால், மருத்துவர்கள் இந்த 61 நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.