கேடி லிஸ்ட்டும் நார்வேயின் 20 சதவீதமும்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே ஃபார்வர்டை அனுப்பியிருந்தீங்க. நார்வேயில ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்கள்ல 20 சதவீதம் பேர்தான் மறுபடி குற்றம் பண்றாங்களாம், அமெரிக்காவுல 77 சதவீதமாம். "நம்ம ஊர்ல எவ்வளவு ப்ரோ?"ங்கிறதுதான் கேள்வி. அதுக்குப் பதில் தேடிப் போய், கடைசியில "கேடி"ங்கிற வார்த்தையில வந்து நின்னேன்.

முதல்ல அந்த ரெண்டு நம்பரைப் பார்த்துடுவோம். அமெரிக்காவுல 2005-ல 30 மாநிலங்கள்ல விடுதலையானவங்களை அஞ்சு வருஷம் பின்தொடர்ந்தாங்க. மறுபடி கைதானவங்க 77 சதவீதம். குற்றம் நிரூபணமானவங்க 55. புதுசா ஒரு குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை வாங்கினவங்க 28 சதவீதம்தான். ஆளுங்க அதே ஆளுங்க, எதை எண்ணுறோம்ங்கிறதுதான் மாறுது. நார்வேயோட 20, ரெண்டே வருஷத்துக்குள்ள புதுசா தண்டனை பெற்றவங்களோட கணக்கு. ஒருத்தர் அஞ்சு வருஷக் கைதை எண்ணுறாரு, இன்னொருத்தர் ரெண்டு வருஷத் தண்டனையை எண்ணுறாரு. அதை ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு போஸ்டர் அடிச்சா எப்படி? ஆபீஸ்ல ஒரு டீம் "எங்க பக் ரீஓபன் ரேட் ரொம்பக் கம்மி"ன்னு பெருமை பேசுவாங்க. உள்ள போய்ப் பார்த்தா ரீஓபன் பண்ணாம எல்லாத்தையும் புது டிக்கெட்டா போட்டிருப்பாங்க. அந்தக் கதைதான்.

இந்தியாவுல தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பல வருஷம் வெளியிட்ட கணக்கு இன்னொரு தினுசு. விடுதலையானவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வந்தாங்கன்னு அது பார்க்கல. கைதானவங்கள்ல எத்தனை பேருக்கு ஏற்கெனவே தண்டனை இருந்ததுன்னு பார்த்துச்சு. அது ஒற்றை இலக்கச் சதவீதம். அதை வச்சு "நாம நார்வேயை விட பெட்டர்"னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்க. தயவுசெஞ்சு ஷேர் பண்ணாதீங்க.

சரி, கேடி. நம்ம சினிமாவுல செல்லமாக் கூட கூப்பிடுற இந்த வார்த்தை மெட்ராஸ் போலீஸ் பதிவேட்டுல இருந்து வந்தது. கே.டி.ன்னா "நோன் டெப்ரடேட்டர்", அதாவது திருடுறவன்னு போலீசுக்குத் தெரிஞ்ச ஆள். ஒரு தடவை அந்த லிஸ்ட்ல பேர் ஏறிட்டா, ஏரியாவுல எது காணாமப் போனாலும் முதல்ல தட்டுறது அவன் வீட்டுக் கதவைத்தான்.

இதோட உச்சம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-ல வட இந்தியாவுல தொடங்கி, 1911-ல திருத்தப்பட்டு மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. ஜனங்க வச்ச பேரு கைரேகைச் சட்டம். பதிவான ஆள் போலீஸ்கிட்ட ஆஜராகணும், ஊரை விட்டுப் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். தவறினா அதுவே குற்றம். இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் உடம்பு சரியில்லாத அக்காவைப் பார்க்கச் சீட்டில்லாம பக்கத்து ஊருக்குப் போறான். ரெக்கார்டுல அவன் "மறுபடி குற்றம் செய்தவன்". உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூர்ல இந்தப் பதிவை மக்கள் எதிர்த்தாங்க. 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதுல ஒரு பெண் உட்பட பத்துக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க.

1947-ல மெட்ராஸ் மாகாணம் அந்தச் சட்டத்தை எடுத்துச்சு. அடுத்த வருஷமே பழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துச்சு! சாதி பேரை எடுத்துட்டாங்க, பதிவேட்டை எடுக்கல.

இது ஏதோ பழைய கதைன்னு நினைக்காதீங்க. 2024 வரைக்கும் அமல்ல இருந்த குற்ற நடைமுறைச் சட்டம் 110-ஆவது பிரிவுல நன்னடத்தைப் பிணைன்னு ஒண்ணு இருந்துச்சு. "இனி ஒழுங்கா இருப்பேன்"னு எழுதிக் கொடுக்கணும், மீறினா மிச்சக் காலத்துக்கு உள்ள போகணும். சென்னையில அதை விசாரிக்கிற மாஜிஸ்திரேட் வேலையையும் போலீஸ் துணை ஆணையர்களே பார்த்தாங்க. புகார் கொடுக்கிறதும் அந்தத் துறை, உள்ள அனுப்புறதும் அந்தத் துறை. அந்த அதிகாரம் செல்லாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்லதான் சொல்லிச்சு. அடையாறுல உட்கார்ந்து பேசுற எனக்கு இது செய்தி. ஹிஸ்டரி ஷீட் இருக்கிற குடும்பத்துக்கு இது ராத்திரி கதவு தட்டுற சத்தம். அதனால நம்ம ஊர்ல யாராவது கைதை வச்சுக் கணக்குப் போட்டா, குற்றவாளியோட போலீஸ் எங்க அடிக்கடி போகுதுங்கிறதும் சேர்ந்துதான் அந்த நம்பர்ல வரும்.

ஒழுங்கா எண்ணுறவங்க இல்லாம இல்ல. சிங்கப்பூர் ஒரே அளவுகோலை வருஷா வருஷம் வச்சிருக்கு: ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் திரும்ப உள்ள வந்தாங்க. 1990-கள் கடைசியில 40 சதவீதத்துக்கு மேல இருந்தது, இப்ப 20-களோட தொடக்கத்துல இருக்கு. ஒரே ஸ்கேல்ங்கிறதால அந்த இறக்கத்தை நம்பலாம்.

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் 1837-ல கட்டின நம்ம பழைய சிறையை 2009-ல இடிச்சாச்சு, கைதிகள் அதுக்கு முன்னாடியே புழலுக்குப் போயிட்டாங்க. அந்தப் புழல் சிறைக்கு வெளிய கைதிகளே வேலை பார்க்கிற பெட்ரோல் பங்க் இருக்கு. 2023-ல பெண் கைதிகள் நடத்துற பங்க்கும் வந்துச்சு. அங்க பெட்ரோல் போட்டவங்க விடுதலையாகி ரெண்டு வருஷம் கழிச்சு என்ன ஆனாங்கன்னு எண்ண ஒரு எக்செல் ஷீட்டும், மாறாத ஒரு வரையறையும் போதும். நம்ம கேட்கவே இல்ல, அதுதான் விஷயம்.