புவாபியின் பொன்முடியும் ஒரு வெள்ளி நாடாவும்

இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் சுமேரியர் வாழ்ந்த பெருநகரங்களுள் ஒன்று 'ஊர்' என்னும் பெயருடையது. 1922 முதல் 1934 வரை லெனார்டு வுல்லியின் தலைமையில் அங்கு அகழாய்வு நடைபெற்றது. அவர் கண்ட பெரும் இடுகாட்டில் பதினாறு கல்லறைகள் அரச மரபினருக்குரியவை எனக் கருதப்பட்டன. அவை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் பழைமையானவை.

அவற்றுள் புவாபி என்னும் அரசி துயின்ற அறை கொள்ளையர் கைபடாதிருந்தது. உருளை வடிவ முத்திரை ஒன்றில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. கணவர் பெயர் அதில் இல்லை. தலையைச் சுற்றிப் பொன் நாடாக்கள், அவற்றின்மேல் பொன் இலைகள் தொங்கும் மாலைகள், உச்சியில் ஏழு பொற்பூக்கள் மலர்ந்த சீப்பு, செவிகளில் பிறைவடிவப் பெருங்குழைகள் என அவர் அணிசெய்யப்பட்டிருந்தார். மெல்லிய தகடாகத் தட்டிய பொன்னை இலையாக வெட்டி, நரம்புகளையும் வரைந்திருந்தனர் அக்காலப் பொற்கொல்லர். மெஸ்கலம்துக் என்பவரின் பொற்கவசம், கூந்தல் இழைகள் உட்பட, ஒரே தகட்டிலிருந்து அடித்து உருவாக்கப்பட்டதாகும்.

இத்தனைக்கும் அம்மண்ணில் பொன் விளைவதில்லை, மணிக்கற்களும் கிடைப்பதில்லை. கருநீல லாபிஸ் லாசுலிக் கல் ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்தது. செந்நிறச் சூதுபவள மணிகள் பல சிந்துவெளியிலிருந்து சென்றவை. காரத்தைத் தீட்டிச் சூடேற்றி, அம்மணிகளில் வெண்கோலம் பதிக்கும் கலையில் சிந்துவெளிக் கைவினைஞர் வல்லவராயிருந்தனர்.

வேறொரு கல்லறைக் குழியில் எழுபத்து நால்வர் வரிசையாகக் கிடத்தப்பட்டிருந்தனர். அவர்களுள் அறுபத்தெண்மர் மகளிர். பொன்னாலோ வெள்ளியாலோ ஆன நாடாவைத் தலையில் சூடியவர் பலர். ஒரு பெண்ணின் தலையில் மட்டும் நாடா இல்லை. அவள் இடுப்பருகே அது வெள்ளிச் சுருளாகவே கிடந்தது. சடங்கிற்குக் காலந்தாழ்ந்து விரைந்து வந்தவள், அதை அணிய நேரமின்றி மடியில் வைத்திருக்க வேண்டும் என வுல்லி கருதினார்.

அரசியின் முடி இன்று பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் ஒளிர்கிறது. அதைச் செய்த கொல்லரின் பெயரோ, அரச மரபினரோடு உயிர்நீத்த மகளிர் பெரும்பாலோரின் பெயர்களோ நமக்குத் தெரியவில்லை. எவருடைய செல்வமும் அவரைக் காக்கவில்லை; கூட்டி வந்தோரையும் காக்கவில்லை. சூடப்படாத அந்த நாடா ஒன்றே, அங்கு மாண்டவளும் நம்மைப் போல் அவசரமும் மறதியும் உடைய ஒரு மனித உயிர் என்பதை இன்றும் உணர்த்துகிறது.