பன்மட்டக் கூறு மாற்றியில் உட்சுற்று மின்னோட்டம்: அடக்குவதா, ஆளுவதா?

சிவனசமுத்திரத்தில் எடுத்த மாறுதிசை மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கி.மீ. கம்பிவழி வந்து கோலார் தங்க வயல் சுரங்கங்களை இயக்கியது. அதே கோலார் மாவட்டம், 2003இல் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து வரும் ±500 கிலோவோல்ட் நேர்மின் தடத்தின் தென்முனையாயிற்று. அங்குள்ள மாற்றிகள் தைரிஸ்டர் வகையின. தைரிஸ்டரை விரும்பிய கணத்தில் இயக்கலாம். விரும்பிய கணத்தில் நிறுத்த இயலாது. ஆகவே அவற்றுக்கு வலுவான மாறுதிசை வலையமைப்பும் பெரிய வடிப்பான்களும் தேவை. லெஸ்னிகாரும் மார்குவார்ட்டும் 2003இல் முன்வைத்த எம்.எம்.சி. என்னும் பன்மட்டக் கூறு மாற்றி இத்தேவைகளைப் பெரிதும் குறைத்தது. 2021இல் தொடங்கிய ±320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் புகளூர்–திருச்சூர் இணைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் தைரிஸ்டர் மாற்றியில் இல்லாத ஒரு சிக்கல் இதன் அமைப்பிலேயே பிறக்கிறது. அதுவே உட்சுற்று மின்னோட்டம். அதை எப்போதும் சுழியாக்குவது சரியான இலக்கன்று, இயக்கநிலைக்கேற்ப ஆளுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் மேற்கை, கீழ்க்கை என இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் மின்தேக்கி தாங்கிய துணைக்கூறுகள் தொடராக நிற்கும். உடன் ஒரு மின்தூண்டி. கையின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் 50 ஹெர்ட்சில் ஊசலாடுவதால், அவற்றின் பெருக்கமான திறனில் 100 ஹெர்ட்ஸ் கூறு தோன்றி மின்தேக்கிகளின் மின்னழுத்தத்தை அலைக்கிறது. இந்த இரண்டாம் சீரிசை அலைவு இரு கைகளிலும் ஒரே திசையில் அமைவதால் ஒன்றையொன்று நீக்காது. மின்தூண்டியின் வழியே மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. மூன்று கட்டங்களில் அது எதிர்வரிசையில் அமைந்து கூட்டினால் சுழியாகும். எனவே வெளியே வராமல் மாற்றிக்குள்ளேயே சுற்றுகிறது.

வெளியே தெரியாததால் அது தீங்கற்றதாகிவிடாது. கையின் பயனுள்ள மின்னோட்டத்தின் மதிப்பை 1 எனக் கொள்வோம். இரண்டாம் சீரிசை 0.3 சேர்ந்தால் மின்தடை இழப்பு 9 விழுக்காடு கூடும். உச்ச மின்னோட்டமும் உயரும். மின்தூண்டி, மின்தேக்கி மதிப்புகள் பொருத்தமின்றி அமைந்தால் ஒத்ததிர்வும் நேரலாம்.

இதற்கான பரவலான தீர்வு 2011இல் டூவும் சூவும் உடன் ஆய்வாளரும் விளக்கிய அடக்கி. இருமடங்கு அலைவெண்ணில் எதிர்வரிசையாகச் சுழலும் அச்சில் பார்த்தால் 100 ஹெர்ட்ஸ் கூறு நிலையான எண்ணாகிறது, எளிய பி.ஐ. கட்டுப்படுத்தி அதைச் சுழிக்குக் கொண்டுவருகிறது. சமநிலை வலையமைப்பில் இது சிறப்பாக இயங்கும். ஒரு கட்டத்தில் பழுது ஏற்பட்டால் நேர்வரிசையும் சுழிவரிசையும் சேர்ந்துவிடும். சுழிவரிசைக் கூறு நேர்மின் தடத்திலேயே 100 ஹெர்ட்ஸ் அலைவை உண்டாக்கும். அப்போது ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியே கவனிக்கும் ஒத்ததிர்வுக் கட்டுப்படுத்தி மேலானது.

சுழியே இலக்கு என்ற கொள்கைக்கு இரண்டு மறுப்புகள் உண்டு. முதலாவது, உட்சுற்று மின்னோட்டத்தில் இரண்டாம் சீரிசையோடு நேர்மின் கூறும் உண்டு; அதுவே நேர்மின் பக்கத்துக்கும் மின்தேக்கிகளுக்கும் இடையே ஆற்றலைக் கொண்டு செல்கிறது. அதை அடக்கினால் மாற்றியே நின்றுவிடும். இரண்டாவது, சரியான கட்டக்கோணத்தில் வேண்டுமென்றே செலுத்தும் இரண்டாம் சீரிசை, மின்தேக்கியின் அலைவைக் குறைக்கிறது. துணைக்கூறின் பருமனில் பெரும்பங்கு மின்தேக்கிக்கே என்பதால் இந்நன்மை சிறியதன்று.

செலுத்தினால் இழப்பு கூடுமே என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் மின்தேக்கியின் அளவை முடிவுசெய்வது அலைவு மிகும் இயக்கநிலைகள். இழப்போ ஆண்டு முழுதும் சேர்வது. ஆகவே பெரும்பான்மை நேரத்தில் இலக்கைச் சுழியாக வைத்து, அலைவு எல்லையை நெருங்கும்போது மட்டும் செலுத்தலாம். கையின் உச்ச மின்னோட்ட வரம்பை மீறாதிருப்பது இதன் நிபந்தனை.

புதிய இணைப்புகளுக்கான தொழில்நுட்பக் குறிப்புகளில் உட்சுற்று மின்னோட்டத்துக்குத் தனி வரம்பு எழுதுவது போதாது. ஆண்டு இழப்பு, மின்தேக்கி அலைவு, கையின் உச்ச மின்னோட்டம் மூன்றையும் ஒருங்கே கேட்க வேண்டும். ஒரு கட்டப் பழுதிலும் சோதிக்க வேண்டும். கட்டுப்பாட்டின் தரத்தை இம்மூன்றுமே அளக்கும். சுழி என்ற ஒற்றை எண் அளக்காது.