ஒரே தளத்துக்காக ஒரு நீட்சி

2004இல் ஆல்மியூசிக் என்ற இசைத் தகவல் தளம் தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டது. புதிய பக்கத்தின் குறைகளைக் களைவதற்காகவே ஏட்ரியன் ஹொலொவாட்டி என்ற நிரலாளர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) எழுதினார். ஒரே தளத்துக்காக ஒரு முழு நீட்சி! அதைப் பார்த்துத்தான் ஆரன் பூட்மன் என்ற நிரலாளருக்கு, எந்தத் தளத்தையும் சிறு ஸ்கிரிப்டுகளால் மாற்றிக்கொள்ள உதவும் கிரீஸ்மங்கி நீட்சி பற்றிய யோசனை வந்தது.

அந்நாளில் நீட்சி எழுதுவது எவ்வளவு பாடு என்பது அதில் கைவைத்தவர்களுக்குத் தெரியும். நானும் கைவைத்தவன். நிறுவல் விவரங்களுக்கு ஒரு கோப்பு, உலாவியின் முகப்போடு இணைக்க ஸூல் மொழியில் இன்னொன்று. எல்லாவற்றையும் பொதிந்து நிறுவி, உலாவியை மூடித் திறந்தால்தான் பலன் தெரியும். பூட்மன் 2004 நவம்பர் இறுதியில் தொடங்கிய கிரீஸ்மங்கியில் இந்தச் சுமை ஒருமுறைதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சிறு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு போதும். மேலே பெயரும், எந்த முகவரிகளில் ஓட வேண்டும் என்ற வரியும், கீழே வேலை. என் முதல் ஸ்கிரிப்ட், நூலகப் பட்டியல் பக்கத்தில் எழுத்துகளைப் பெரிதாக்கி, அடுக்கு எண்ணை மேலே கொண்டுவந்தது. அப்பா கண்ணாடியைத் தேடாமல் படித்தார்.

ஜெஸ்ஸி ஆண்ட்ரூஸின் புக் பரோ என்ற ஸ்கிரிப்ட் என்னை வியக்கவைத்தது. அமேசானில் ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றக் கடைகளின் விலையை அதே பக்கத்தில் காட்டியது. கடைக்காரர் வைத்த பக்கத்தில் வாங்குபவருக்கும் இடம் கிடைத்த அந்தத் துணிச்சலை நான் இன்றும் மதிக்கிறேன். ஸ்கிரிப்டுகளைப் பகிரும் யூசர்ஸ்கிரிப்ட்ஸ் தளத்தை நிர்வகித்தவரும் அவரே.

2005 ஜூலையில் பெரிய பாதுகாப்பு ஓட்டை ஒன்று தெரிந்தது. கிரீஸ்மங்கிக்கு வழிகாட்டி நூல் எழுதிய மார்க் பில்கிரிம்தான் அதை அம்பலப்படுத்தினார்: ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த தனி அதிகாரங்களைப் பக்கமே கைப்பற்றி, நம் கணினிக் கோப்புகளைப் படித்துவிடலாம். பூட்மன் அந்த அதிகாரங்களையெல்லாம் நீக்கி 0.3.5 பதிப்பை வெளியிட்டார். பக்கத்துக்கும் ஸ்கிரிப்டுக்கும் நடுவே சுவர் எழுப்பிய பிறகே, 0.5 பதிப்பில் அவை திரும்பின.

பூட்மன் பின்னர் கூகுளில் குரோம் நீட்சிகளுக்கு வேலை செய்தார். 2010இல் குரோம் 4 ஸ்கிரிப்டுகளை நேரடியாகவே ஏற்றது. கிரீஸ்மங்கியைப் போன்ற டேம்பர்மங்கி நீட்சி வந்ததும் அதே ஆண்டுதான். 2014இல் யூசர்ஸ்கிரிப்ட்ஸ் தளம் முடங்கியபோது, கிரீஸி ஃபோர்க் தளம் அந்த இடத்துக்கு வந்தது.

அங்கிருந்து எதை எடுத்தாலும் முழுவதும் படித்த பிறகே நிறுவுகிறேன். முகவரி வரியில் எல்லாத் தளங்களையும் குறிக்கும் நட்சத்திரம் மட்டும் இருந்தால், ஏன் என்று விளங்கும்வரை தொடுவதில்லை.