மெர்டேக்கா: ஒரு சொல்லின் வரலாறு

மெர்டேக்கா என்பது மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'விடுதலை', 'விடுதலை பெற்ற' என்னும் பொருள் தரும் சொல். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் நாட்டு விடுதலையைக் குறிக்க வழங்குவது இச்சொல்லே. மலேசியத் தமிழர்களும் விடுதலை நாளை 'மெர்டேக்கா நாள்' என்றே இயல்பாகச் சொல்வர். ஆனால் நாடுகள் விடுதலை பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சொல் வழக்கில் இருந்தது. அப்போது அது ஒரு நாட்டின் நிலையைக் குறிக்கவில்லை. அடிமை அல்லாத ஒரு மனிதரின் நிலையைக் குறித்தது.

சொற்பிறப்பு

இதன் வேர் 'மகர்த்திக' என்னும் சமசுகிருதச் சொல். 'மகா' (பெரிய), 'ருத்தி' (வளம், ஆற்றல்) ஆகிய இரண்டும் சேர்ந்து அமைந்தது. பெருஞ்செல்வமும் பேராற்றலும் உடையவர் என்பது பொருள். இந்தியப் பண்பாட்டுத் தொடர்பின் வழியே இச்சொல் சாவகத்தீவுக்கும் மலாய் உலகுக்கும் சென்றது.

சாவகத்தில் அது முதலில் ஞானியர், சமயப் பெரியோர் ஆகியோரைச் சுட்டியது. சமயப் பணி செய்தோருக்கு வரிவிலக்கு அளிக்கும் வழக்கம் அங்கு இருந்தது. புனிதக் கல்லறைகளைப் பேணும் கடமைக்காக வரி நீக்கப்பட்ட ஊர்கள் 'பெர்டிக்கான்' எனப்பட்டன. இதுவும் அதே வேரிலிருந்து வந்த சொல்லே. தமிழகத்து இறையிலி நிலங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் பொருள் எளிதில் விளங்கும். 'பெரியவர்' என்ற பொருள் 'வரி செலுத்தாதவர்' என்றும், பிறகு 'எவருக்கும் கட்டுப்படாதவர்' என்றும் நகர்ந்தது இவ்வாறுதான்.

அடிமை, சுதந்திரர்

மலாய் மொழியின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று திரங்கானு கல்வெட்டு. அதன் காலம் பொதுவாக 1303 எனக் கொள்ளப்படுகிறது. அரபு வரிவடிவத்தை ஒட்டிய சாவி எழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு, குற்றங்களுக்கான தண்டனைகளைச் சொல்லும் இடத்தில் 'மெர்டிக்கா' என்ற சொல்லைக் கையாள்கிறது. அங்கு அதன் பொருள் 'அடிமை அல்லாதவர்' என்பதே. பிற்கால மலாக்கா சட்டத் தொகுப்பும் சுதந்திரரையும் அடிமையையும் வேறுபடுத்த இச்சொல்லையே பயன்படுத்துகிறது. ஓர் அடிமையை விடுவிப்பதைக் குறிக்கும் 'மெமெர்டேக்காக்கான்' என்ற வினைச்சொல்லும் இதிலிருந்து பிறந்தது.

பத்தாவியாவின் மார்டைக்கர்கள்

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில் (இன்றைய சகார்த்தா) 'மார்டைக்கர்' என்றொரு சமூகம் இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்களின் வழித்தோன்றல்களுமே இச்சமூகத்தினர். அவர்கள் கிறித்தவர்கள், போர்த்துக்கீசியம் கலந்த மொழி பேசினர். அவர்களின் முன்னோரில் பலர் வங்காளம், மலபார், சோழமண்டலக் கரை ஆகிய பகுதிகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள்.

தமிழ் வாசகர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. பஞ்ச காலங்களில், குறிப்பாக 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி வாடியபோது, சோழமண்டலக் கரையில் ஏராளமானோர் அடிமைகளாக விற்கப்பட்டுக் கடல் கடத்தப்பட்டனர். வரலாற்று நூல்களில் அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. விடுதலை பெற்றவர்களின் குழுப்பெயர் மட்டும் எஞ்சியது. டச்சுக்காரர் நாவில் 'மார்டைக்கர்' என ஒலித்தது மலாய் 'மெர்டேக்கா' தான். சகார்த்தாவின் வடக்கே உள்ள துகு என்னும் ஊர் அச்சமூகத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது. குரோஞ்சோங் இசை மரபு அவ்வூரோடு நெருங்கிய தொடர்புடையது.

பிலிப்பீன்சில் இரு வடிவங்கள்

பிலிப்பீன்சுக்கு இச்சொல் இருமுறை சென்றது. முதல் வடிவம் 'மகார்லிக்கா'. 1589இல் தகாலோகு மக்களின் வழக்கங்களை எழுதிய எசுப்பானியத் துறவி உவான் டி பிளாசென்சியா, மகார்லிக்காக்கள் தலைவனுக்கு வரி செலுத்தாதவர்கள், ஆனால் போரில் அவனுடன் செல்லக் கடமைப்பட்டவர்கள் என்று குறிப்பிடுகிறார்.

இரண்டாம் வடிவம் 'மெர்டிக்கா'. 1663இல் எசுப்பானியர் மலுக்குத் தீவுகளை விட்டு வெளியேறியபோது, தெர்னாத்தே தீவின் கிறித்தவர்கள் சிலர் அவர்களுடன் லூசோனுக்கு வந்தனர். மெர்டிக்காக்கள் எனப்பட்ட இவர்கள் குடியேறிய ஊர், கவித்தே மாகாணத்தில் இன்றும் தெர்னாத்தே என்றே வழங்குகிறது.

20ஆம் நூற்றாண்டில் மகார்லிக்கா என்பதற்கு 'அரச குலத்தவர்' என்ற பொருள் பரவியது. அதிபர் பெர்டினாண்டு மார்க்கோசு காலத்தில் இச்சொல்லுக்குப் பெருமை கூடியது. 1978இல் நாட்டின் பெயரையே மகார்லிக்கா என மாற்ற ஒரு மசோதா முன்மொழியப்பட்டது, அது நிறைவேறவில்லை. வரலாற்றாசிரியர் வில்லியம் என்றி இசுகாட், மகார்லிக்காக்கள் அரச குலத்தவர் அல்லர், போர்க்கடமை கொண்ட சுதந்திரர்களே என்பதைப் பழைய ஆவணங்களைக் கொண்டு விளக்கினார்.

நாட்டு விடுதலையின் முழக்கம்

டச்சு இந்தியத் தீவுகளில் அடிமைமுறை 1860இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதன் பிறகு தனிமனித விடுதலையைக் குறித்த சொல், ஓர் இனத்தின் விடுதலையைக் குறிக்கத் தொடங்கியது. நெதர்லாந்தில் பயின்ற இந்தோனேசிய மாணவர்கள் 1924இல் தங்கள் இதழுக்கு 'இந்தோனேசியா மெர்டேக்கா' எனப் பெயரிட்டனர். 1945 ஆகத்து 17இல் விடுதலை அறிவிக்கப்பட்ட பின், மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல்லாகவும் அது மாறியது. பத்தாவியாவில் 'மன்னர் திடல்' என்று டச்சுக்காரர் பெயரிட்ட வெளி, 'மெர்டேக்கா திடல்' ஆயிற்று.

மலாயாவில் 1957 ஆகத்து 31 அன்று, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் துங்கு அப்துல் ரகுமான் இச்சொல்லை ஏழுமுறை முழங்கினார்.

சொல்லின் பயணம் அதோடு நிற்கவில்லை. 1976இல் ஆச்சேயில் தோன்றிய பிரிவினை இயக்கமும், பாப்புவாவின் பிரிவினை இயக்கமும் தம் பெயரில் மெர்டேக்காவைச் சேர்த்துக்கொண்டன. டச்சு ஆட்சிக்கு எதிராக இந்தோனேசியா எழுப்பிய அதே முழக்கம், அந்நாட்டை நோக்கியே திரும்பியது.

ஞானி, வரிவிலக்குப் பெற்றவர், விடுவிக்கப்பட்ட அடிமை, போர்வீரர், குடிமகன் என ஒரே சொல் பலரைச் சுட்டியிருக்கிறது. யாருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதே ஒவ்வொரு காலத்திலும் அதன் பொருளை முடிவு செய்தது. விடுதலை நாள் கொடிகளில் இச்சொல்லைக் காணும் மாணவர்கள், அதைத் தம் பெயராகத் தாங்கியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து விற்கப்பட்டவர்களின் பிள்ளைகளும் இருந்தனர் என்பதை அறிந்திருப்பது நல்லது.