பெட்ரோல் செலவை வண்டி வாங்கின கணக்கில் எழுதினால்? வேர்ல்ட்காம் சொல்லும் கதை

போன எபிசோடில் ஒரு கம்பெனியின் லாபமும் அதன் கையில் இருக்கிற ரொக்கமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்று பேசினோம். இன்றைக்கு கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டின் நடுப்பகுதி. ‘முதலீட்டு நடவடிக்கைகளில் இருந்து ரொக்கம்’ என்று போட்டிருப்பார்களே, அது. நிறைய பேர் தாவிப் போகிற பகுதி. அங்கே பெரும்பாலும் மைனஸில் ஒரு எண் இருக்கும், ‘சரி, ஏதோ மெஷின் வாங்கியிருக்காங்க’ன்னு நினைச்சுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம். அமெரிக்காவில் ஒரு பெரிய டெலிகாம் கம்பெனி, நாம் அப்படித் தாவிப் போவோம் என்பதை நம்பியே ஒன்றேகால் வருஷம் ஓட்டியது.

முதலில் கொஞ்சம் பின்னால் போகலாம். 1863. வேல்ஸில் டவ்லைஸ் என்று ஒரு இரும்புக் கம்பெனி. ஒரு மந்த காலத்தில் இருந்து மீண்டு வந்து லாபம் காட்டுகிறார்கள். புதிதாக ஒரு ஊதுலை கட்ட வேண்டும். கல்லாவைத் திறந்து பார்த்தால் காசு இல்லை. ‘லாபம் வந்துச்சே, எங்க போச்சு?’ மேனேஜர் இரண்டு பேலன்ஸ் ஷீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு கணக்கு எழுதுகிறார். பணம் சரக்காக மாறிக் கிடங்கில் கிடக்கிறது என்பது அதில்தான் தெரிய வருகிறது. இன்றைய கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டின் கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்வார்கள். புது உலை கட்டக் காசு இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. அதாவது, இந்த அறிக்கை பிறந்ததே ஒரு முதலீட்டுக் கேள்வியில் இருந்து.

அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக இது கட்டாயமில்லை, கட்டாயமானபோதும் ஒழுங்கான வடிவம் இல்லை. 1975-ல் டபிள்யூ. டி. கிராண்ட் என்ற அமெரிக்க சில்லறைக் கடைச் சங்கிலி திவாலானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். லாபம் காட்டிய வருஷங்களிலேயே தொழிலில் இருந்து ரொக்கம் வராமல், உள்ளே இருந்ததும் கரைந்துகொண்டிருந்தது என்று பின்னால் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த மாதிரி அடிகளுக்குப் பிறகு 1987 நவம்பரில் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் விதி எண் 95-ஐக் கொண்டுவந்தது. ஒரு கம்பெனியின் ரொக்கத்தை மூன்று அறைகளாகப் பிரி என்றது. தொழில் நடத்துவதில் வந்தது போனது ஒன்று. முதலீட்டில் வந்தது போனது இரண்டு. கடன், பங்கு, டிவிடெண்ட் என்று நிதி திரட்டுவதிலும் திருப்பிக் கொடுப்பதிலும் நடந்தது மூன்று.

அந்த விதி 4-க்கு 3 என்ற ஓட்டில்தான் பாஸானது. கம்பெனி போட்டு வைத்த டெபாசிட்டுக்கு வரும் வட்டி எந்த அறைக்குச் சொந்தம் என்பது சண்டைகளில் ஒன்று. அது முதலீட்டின் பலன்தானே, இரண்டாவது அறையில் போடு என்றார்கள் எதிர்த்தவர்கள். அமெரிக்கா அதை முதல் அறையிலேயே வைத்தது. இந்தியாவில் இன்றைய இண்ட் ஏஎஸ் 7 படி, வங்கி, நிதி நிறுவனம் அல்லாத கம்பெனிக்கு வரும் வட்டி இரண்டாவது அறைக்குத்தான் போகும். ஆக ஒரு அமெரிக்கக் கம்பெனியையும் ஒரு இந்தியக் கம்பெனியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதை மனசில் வெச்சுக்கணும். இந்த அறைகளுக்கு நடுவில் இருப்பது கருங்கல் சுவர் இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து ஓட்டுப் போட்டு வைத்த தடுப்பு.

ஒரு ஆட்டோவை எடுத்துக்கோங்க. தினமும் போடுகிற பெட்ரோல் முதல் அறை, தொழில் செலவு. ஆட்டோவே வாங்கினால் அது இரண்டாவது அறை, ஏனென்றால் அது பல வருஷம் உழைக்கும். வாங்கிய வருஷமே முழு விலையையும் லாபத்தில் கழிக்க மாட்டார்கள், வருஷத்துக்குக் கொஞ்சமாகத் தேய்மானம் என்று கழிப்பார்கள். இது வரைக்கும் நியாயம். இப்போ ஒருத்தர் பெட்ரோல் பில்லை எல்லாம் எடுத்து, ‘இதுவும் வண்டியோட விலைதாங்க’ன்னு எழுதினால்?

வேர்ல்ட்காம் செய்தது அதைத்தான்.

1983-ல் மிசிசிப்பி மாநிலத்தில் தொலைதூர அழைப்புகளை மலிவாக விற்கிற ஒரு சின்னக் கம்பெனியாக ஆரம்பித்தது. மோட்டல்கள் நடத்திக்கொண்டிருந்த பெர்னார்ட் எபர்ஸ் 1985-ல் தலைவரானார். அப்புறம் கம்பெனி மேல் கம்பெனியாக வாங்கிக் குவித்தார். 1998-ல் தன்னைவிடப் பெரிய எம்சிஐ-யையே சுமார் 3,700 கோடி டாலருக்கு வளைத்தார். 1999-ல் பங்கு விலை 60 டாலருக்கு மேல் போனது. 2000-ல் ஸ்பிரின்ட்டையும் வாங்கப் பார்த்தார்கள், அரசுத் தரப்பு விடவில்லை. அதே சமயம் டாட்காம் பலூன் வெடித்தது.

இங்கே ‘லைன் காஸ்ட்’ என்றால் என்ன என்று புரிந்தால் மீதிக் கதை எளிது. நீங்க ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பேசுறீங்க. நடுவில் போவது வேர்ல்ட்காமின் கம்பி. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் கடைசி கிலோமீட்டர் உள்ளூர் கம்பெனியின் கம்பி, அங்கே போய் இறங்கும் இடமும் அப்படித்தான். அந்தக் கம்பிகளுக்கு வாடகை தரணும். அதுதான் லைன் காஸ்ட். கம்பெனியின் மிகப் பெரிய செலவு. இன்டர்நெட் போக்குவரத்து கொட்டப் போகிறது என்று நம்பி நீண்ட கால ஒப்பந்தங்கள் வேறு போட்டிருந்தார்கள். போக்குவரத்து வரவில்லை. காலியாகக் கிடக்கிற கம்பிக்கும் வாடகை ஓடியது.

வருமானத்தில் சுமார் 42 சதவீதம்தான் லைன் காஸ்ட் என்று வால் ஸ்ட்ரீட்டுக்குக் காட்டி வந்தார்கள். உண்மை அதைத் தாண்டிவிட்டது. 2000-ன் பிற்பகுதியில், செலவுக்கென்று ஒதுக்கி வைத்த தொகைகளை எடுத்து ஓட்டையை அடைத்தார்கள். அது தீர்ந்ததும் 2001 முதல் காலாண்டில் நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் புது வழி சொன்னார். இந்த வாடகை எல்லாம் எதிர்கால வருமானத்துக்காகக் கொடுத்தது, ஆகவே இது சொத்து. முதல் காலாண்டில் மட்டும் 77.1 கோடி டாலர் இப்படி நகர்ந்தது. உள்ளே அதற்கு ஒரு பெயரும் இருந்தது: ‘ப்ரீபெய்ட் கெப்பாசிட்டி’.

இப்போ கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டில் என்ன ஆகிறது பாருங்க. வாடகைக்குக் கொடுத்த ரொக்கம் உண்மையிலேயே வெளியே போய்விட்டது. அதை யாரும் மறைக்கவில்லை. முதல் அறையில் இருந்து வெளியே போனதை, இரண்டாவது அறையில் இருந்து போனதாக எழுதினார்கள், அவ்வளவுதான். தொழிலில் வந்த ரொக்கம் கூடுதலாகத் தெரியும். முதலீட்டு மைனஸும் அதே அளவு பெரிதாகும். மொத்தம் மாறாது, பேங்க் பேலன்ஸ் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். போலி பேங்க் ஸ்டேட்மென்ட் தேவையே இல்லை. அந்தக் காலத்தில் எல்லா டெலிகாம் கம்பெனிகளும் கேபிள் பதித்துக்கொண்டிருந்ததால் இரண்டாவது அறையில் பெரிய மைனஸ் இருப்பதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை. வளர்கிற கம்பெனி அப்படித்தான் இருக்கும் என்று பாடப் புத்தகமே சொல்கிறதே.

நான் இந்தக் கதையில் அதிகம் யோசிப்பது எபர்ஸைப் பற்றியோ சல்லிவனைப் பற்றியோ இல்லை. கணக்குப் பிரிவில் இருந்த நடுத்தர ஊழியர் ஒருவரைப் பற்றி. முதல் தடவை தவறான பதிவைப் போடச் சொன்னபோதே அவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். சல்லிவன் கூப்பிட்டுப் பேசினார். விமானங்கள் வானத்தில் இருக்கின்றன, அவை இறங்கட்டும், அப்புறம் போகலாம் என்ற மாதிரி. ஒரே ஒரு தடவை என்று நினைத்து அவர் கடிதத்தைக் கொடுக்கவில்லை. வீட்டில் முக்கியமான சம்பளம் அவருடையது. அடுத்த காலாண்டு வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. கடைசியில் 5 மாதச் சிறை, 5 மாத வீட்டுக் காவல். ‘இந்த ஒரு மாசம் மட்டும் அட்ஜஸ்ட் பண்ணுங்க’ என்ற வார்த்தையை ஆபீஸில் கேட்டவர்களுக்கு இது எவ்வளவு பக்கத்தில் நடக்கிற விஷயம் என்று தெரியும்.

கண்டுபிடித்தவர் உள் தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பர். 2002 மே மாதம் அவரது குழு மூலதனச் செலவுகளைச் சரிபார்க்க ஆரம்பித்தது. சரியாக நம்ம இரண்டாவது அறை. ஒரு இடத்தில் காட்டிய செலவுக்கும் இன்னொரு இடத்தில் காட்டியதற்கும் வித்தியாசம். கேட்டால் ‘ப்ரீபெய்ட் கெப்பாசிட்டி’ என்று பதில். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல மனமில்லை. குழுவில் ஒருவர் இரவு நேரங்களில் கணக்கு மென்பொருளுக்குள் போய்ப் பதிவுகளைத் தேடி எடுத்தார். வாங்கியதாக எழுதியிருந்த சொத்துக்கு எதிரே கேபிளும் இல்லை, மெஷினும் இல்லை, அனுமதிக் கடிதமும் இல்லை. ஜூனில் சல்லிவன் கூப்பரைக் கூப்பிட்டு, இந்தத் தணிக்கையை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். அவர் தள்ளிவைக்கவில்லை.

2002 ஜூன் 25 அன்று கம்பெனியே அறிவித்தது: 2001-லும் 2002 முதல் காலாண்டிலும் சேர்த்து 380 கோடி டாலருக்கு மேல் செலவைச் சொத்தாகக் காட்டிவிட்டோம், சரியாக எழுதியிருந்தால் அந்தக் காலம் முழுக்க நஷ்டம். பங்கு ஏற்கெனவே ஒரு டாலருக்குக் கீழே வந்திருந்தது. அந்த வாரமே 17,000 பேரை வேலையை விட்டு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனிப் பங்கிலேயே போட்டிருந்த ஊழியர்களுக்கு இரண்டும் ஒன்றாகப் போனது. ஜூலை 21-ல் திவால் மனு. 2008-ல் லேமன் விழும்வரை அமெரிக்காவின் மிகப் பெரிய திவால் அதுதான். மொத்த மோசடி சுமார் 1,100 கோடி டாலர் என்று பிறகு தெரிந்தது. எபர்ஸுக்கு 25 வருஷம், அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய சல்லிவனுக்கு 5 வருஷம்.

ஒரு இடைச்செருகல். எபர்ஸுக்குக் கம்பெனி 40 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்தும் உத்தரவாதம் நின்றும் உதவியிருந்தது, அவருடைய சொந்தக் கடன்களைச் சமாளிக்க. பொதுவாக ஒரு கம்பெனி யாருக்காவது கடன் கொடுத்தால் அதுவும் இந்த இரண்டாவது அறையில்தான் வரும். அதனால்தான் அந்தப் பகுதியில் ‘கொடுத்த கடன்கள்’ என்ற வரியைப் பார்த்தால் நான் நின்று, யாருக்கு என்று குறிப்புகளில் தேடுவேன்.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. முதல் அறையின் எண்ணில் இருந்து மூலதனச் செலவைக் கழித்து, மிஞ்சுகிற ரொக்கம் எவ்வளவு என்று பார்ப்பவரை வேர்ல்ட்காம் இந்த வித்தையால் ஏமாற்றியிருக்கவே முடியாது. பெட்ரோலை எங்கே எழுதினாலும் பையில் மிச்சம் அதேதான். லாபத்தை மட்டும் பார்த்தவர்களும், முதல் அறையை மட்டும் பார்த்தவர்களும்தான் ஏமாந்தார்கள்.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். இதற்கு நேர் எதிரான ஒன்று ஹைதராபாத்தில் நடந்தது. சத்யமில் ரொக்கமே பொய். 2008 செப்டம்பர் கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. இல்லாத பணத்தை எப்படிச் செலவழித்துத் தீர்ப்பது? 2008 டிசம்பர் 16 அன்று, ராமலிங்க ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக சத்யம் அறிவித்தது. மேடாஸ் என்பது சத்யத்தை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் வருகிற பெயர். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எதுக்கு ரியல் எஸ்டேட்? முதலீட்டாளர்கள் கொதித்தார்கள், நியூயார்க்கில் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது, சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7-ல் ராஜு எழுதிய கடிதத்தில் காரணம் இருந்தது. கற்பனைச் சொத்தின் இடத்தில் நிஜச் சொத்தை வைக்க அதுதான் கடைசி முயற்சி. குடும்பத்துக்குத் தர வேண்டிய பணத்தைப் பிறகு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. அந்த டீல் நடந்திருந்தால் சத்யத்தின் முதலீட்டுப் பகுதியில் ஒரு பெரிய மைனஸ் விழுந்திருக்கும். ‘கம்பெனி வாங்கியதற்காக’ என்று ஒரே வரி. இல்லாத 5,040 கோடியைக் கரைக்க அந்த வரி கைகொடுத்திருக்கும்.

அடுத்த எபிசோடில் மூன்றாவது அறை, நிதி திரட்டுகிற பகுதி. அதற்குள் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, இரண்டாவது அறையில் இருக்கிற மிகப் பெரிய எண் எதற்காக என்று தேடிப் பாருங்க. அந்தப் பணத்தில் வாங்கிய பொருள் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்ல முடிந்தால் எங்களுக்கு எழுதுங்க. சொல்ல முடியலைன்னா அதையும் எழுதுங்க.