கண்ணாடி தேய்த்த கைகள்

பெண்ணாடத்திலிருந்து ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் எழுதுகிறேன்.

1985-இல் ஹாலி வால்நட்சத்திரம் வருகிறது என்று மாணவர்களும் நானும் தொலைநோக்கி செய்ய இறங்கினோம். 6 அங்குல வட்டக் கண்ணாடி இரண்டு, நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி குழியும், கீழ்க் கண்ணாடி குவியும். பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அதனால் அரைக்கிற வேலையைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் மிரளவில்லை.

குழிவு சரியா என்று பார்க்க 1858-இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வழி சொன்னார். ஒரு ஒளிப்புள்ளியும் கத்தி முனையும் போதும். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழைகூட நிழலாகத் தெரியும்.

"ஹாலி காத்திருக்காது" என்று நான் விரட்டினேன். அவசரத்தில் விளிம்பு சரிந்தது. ஹாலியும் போய்விட்டது.

ஜவ்வாது மலைக் காவலூரிலும் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது. வைணு பாப்பு 1968-இல் அங்கே வைத்த 38 செ.மீ. தொலைநோக்கி நம்மவர்கள் செய்தது. பிறகு 2.34 மீட்டர் கண்ணாடியைப் பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ.பி.ஜெயராஜன் குழு பல ஆண்டுகள் தேய்த்தது. 1982-இல் பாப்பு காலமானார். குழு வேலையை விடவில்லை. 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

நான்தான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் கேட்டும் அடுத்த கண்ணாடி வாங்கித் தரவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஹாலி மறுபடி வருவது 2061-இல். பழைய கண்ணாடியும் மிச்சத் தூளும் அலமாரியில் இருக்கின்றன. பிள்ளைகளோடு தேய்க்க விரும்பும் ஆசிரியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன். இந்த முறை அவசரம் இல்லை.